கோதுமை வயலில் ஒரு கடற்கரை

கோல்டர் மாநிலப் பல்கலைக்கழகம் கடலோரத்துக்குப் போன நாளில் ஊரில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. கட்டடங்கள் எதுவும் நகரவில்லை. கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் இரண்டு நாள் விடாமல் கார் ஓட்டினால்தான் உப்புத்தண்ணீர் கண்ணில் படும் என்கிற நிலையிலும் மாற்றமில்லை. ஆனால் அன்று காலை பதினோரு மணி முதல் அது கடலோரக் கல்லூரி. மைதானத்தில் மேடை போட்டு, மேடையில் ஒரு நங்கூரத்தை நிறுத்தி, அப்படித்தான் அறிவித்தார்கள்.

கடலோரக் கூட்டமைப்பு என்பது கிழக்குக் கரையில் ஒன்றோடொன்று விளையாடிக்கொண்டிருந்த சில கல்லூரிகளின் பழைய சங்கம். ஹெல்மெட் போட்டு மோதிக்கொள்ளும் கால்பந்தைக் காட்டுவதற்கு அந்தச் சங்கத்துக்கு ஒரு தொலைக்காட்சி நிறுவனம் கொட்டிக் கொடுத்தது. எத்தனை ஊரில் கல்லூரி இருக்கிறதோ அத்தனை ஊரில் சந்தா வசூலிக்கலாம் என்று அந்த நிறுவனம் கணக்குப் போட்டது. சமவெளியில் சங்கத்துக்கு ஒரு கல்லூரி கூட இல்லையே என்று யாரோ வரைபடத்தைப் பார்த்துச் சொல்ல, கோல்டர் அகப்பட்டது.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. உறுப்பினராகும் கல்லூரி கடற்கரையை ஒட்டி இருக்க வேண்டும் என்று கூட்டமைப்பின் விதி சொன்னது. விதியைத் திருத்தினால் தொலைக்காட்சி ஒப்பந்தத்தையும் திருத்த வேண்டும். வழக்கறிஞர்களுக்கு அழ வேண்டும். விதியைத் திருத்துவதைவிடப் பூமியைத் திருத்துவது சல்லிசாக இருந்தது. நிலவியல் பேராசிரியர் இல்சா ப்ராண்ட்வோல்டைக் கூப்பிட்டார்கள். நிர்வாகம் தன்னிடம் ஒரு கேள்வி கேட்டது அவருக்கு அதுவே முதல் தடவை. உச்சி குளிர்ந்துபோய், ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இந்தச் சமவெளி முழுக்கக் கடலாக இருந்தது என்றும், இன்றைக்கும் ஆற்றங்கரைக் கல்லில் சுறாப்பல் கிடைக்கிறது என்றும் அழகாக எழுதிக் கொடுத்தார். "பிறகு கடல் வற்றிவிட்டது" என்று அவர் முடித்திருந்ததை வழக்கறிஞர்கள் "தற்சமயம் வற்றிய நிலையில் உள்ளது" என்று செப்பனிட்டார்கள். கூட்டமைப்பின் நுழைவுக் கட்டணத்துக்குப் பணம் போதாமல் மறு வருடம் நிலவியல் துறையையே மூடினார்கள். அந்தக் கதை இங்கே வேண்டாம்.

பல்கலைக்கழகத் தலைவர் டாக்டர் கெர்ஷா தொப்பியைக் கழற்றிவிட்டுப் பேசினார். அவர் தலையில் பனி விழுந்துகொண்டிருந்தது.

"கடல்ங்கறது தண்ணி இல்லைங்க. கடல்ங்கறது ஒரு மனநிலை. நம்ம விழுமியங்களோட ஒத்துப்போற ஒரு துணையை ரெண்டு வருஷமாத் தேடிட்டிருந்தோம். வருஷத்துக்கு மூணு கோடி டாலர்னு அவங்க சொன்னாங்க. அப்பத்தான் நம்ம விழுமியங்கள் என்னன்னு நமக்கே தெளிவாச்சு."

பலத்த கைத்தட்டல். கோல்டரின் சின்னம் வெட்டுக்கிளி. ஒரு காலத்தில் இந்த ஊர்க் கோதுமையை மொட்டையடித்துவிட்டுப் போன பூச்சியையே ஏன் சின்னமாக வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. இப்போது கொஞ்சம் பொருத்தமாகத்தான் இருக்கிறது. வெட்டுக்கிளி வேடம் போட்ட மாணவன் மாலுமித் தொப்பியுடன் நங்கூரத்தைச் சுற்றி ஆடி, பனியில் வழுக்கி விழுந்தான். பயிற்சியாளர்கள் வரிசையின் கடைசியில் நின்றிருந்த மார்லிஸ் ட்வைட்டும் கை தட்டினாள். எல்லோரும் தட்டினார்கள், அவளும் தட்டினாள். இதெல்லாம் கால்பந்துக்காரர்கள் சமாசாரம் என்றுதான் அப்போது அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மார்லிஸ் பெண்கள் வாலிபால் அணியின் பயிற்சியாளர். தலைமுடியில் நரை கண்டு, முழங்காலில் இரண்டு அறுவை சிகிச்சை கண்டு, அந்த வேலையிலேயே ஊறியவள். அவள் அணி விளையாடிக்கொண்டிருந்த பழைய சங்கத்தில் எல்லாக் கல்லூரிக்கும் பேருந்திலேயே போய்விடலாம். பக்கத்துக் கல்லூரியான ஹார்லன், மூஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கம். பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். ஹார்லனின் பயிற்சியாளர் ஆர்டிஸ் கெல்லரும் மார்லிஸும் ஒன்றாகப் படித்தவர்கள். கோர்ட்டில் ஒருத்தியை ஒருத்தி முறைப்பார்கள். வெளியே வந்தால் பேச்சுக்கு முடிவே இருக்காது.

இரண்டு அணிக்கும் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் ஆற்றங்கரை லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் சாப்பாடு. கறியும் உருளைக்கிழங்கும் அடுக்கிச் சுட்ட ஹாட்டிஷ், தளதளக்கும் ஜெல்லோ, எலுமிச்சை பார்கள் என்னும் இனிப்புத் துண்டுகள் என்று வீட்டுக்கு ஒரு தட்டு வரும். இரண்டு ஊர்க்காரர்களும் கலந்து உட்கார்ந்து சாப்பிட்ட பிறகு, தோற்ற பக்கம் பாத்திரம் கழுவ வேண்டும். அதில் பெரியவர் சின்னவர் கிடையாது. முன்பிருந்த பல்கலைக்கழகத் தலைவர் ஒருவர் கோட்டைக் கழற்றிவிட்டு, ஏப்ரன் கட்டிக்கொண்டு, கருகிய ஹாட்டிஷ் தட்டைச் சுரண்டிச் சுரண்டி விரலைக் கிழித்துக்கொண்டதை ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கும். மார்லிஸும் அந்தத் தொட்டியில் நிறையக் கழுவியிருக்கிறாள். பின்னால் நின்றுகொண்டு, "அடியில தேய்டி, அங்கதான் பிடிச்சிருக்கு" என்று ஆர்டிஸ் சொல்லிக்கொண்டிருப்பாள்.

மே மாதம் புதிய ஆட்ட அட்டவணை வந்தது. மார்லிஸ் அதைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். கால்பந்து மட்டும் போகவில்லை, வாலிபாலும் கடலோரம் போகிறது. ஆட்டங்கள் எல்லாம் மூன்று விமானம் மாறிப் போகவேண்டிய ஊர்களில். அதுவும் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு.

முதலில் அவள் நினைவுக்கு வந்தது டானிகா வோல்கர். பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டர் அவள்தான்; அணியே அவள் விரல் நுனியில் ஓடியது. பன்றிப் பண்ணை வேலைக்காரரின் மகள். வாலிபால் உதவித்தொகை இருந்ததால்தான் கல்லூரி வாசலை மிதித்தாள். நர்சிங் மூன்றாம் ஆண்டு. செவ்வாயும் வியாழனும் காலையில் ஊர் மருத்துவமனையில் நோயாளிகளோடு பயிற்சி எடுக்க வேண்டும். அதில் குறைந்தால் நர்சிங் இடம் போய்விடும். ஆட்டத்துக்குப் போகாவிட்டால் உதவித்தொகை போய்விடும். உதவித்தொகை போனால் நர்சிங் தானாகப் போய்விடும்.

நர்சிங் துறைத் தலைவியிடம் மார்லிஸ் கெஞ்சிப் பார்த்தாள். அந்த அம்மாள் இரக்கமில்லாதவர் இல்லை. படுத்திருக்கிற நோயாளியைத் தொட்டுப் பழகாதவளை நர்ஸ் என்று எழுதிக் கொடுக்கத் தன்னால் முடியாது என்றார். அது நியாயம் என்று மார்லிஸுக்கும் பட்டது. அந்த விவகாரத்தில் யாராவது நியாயமாகப் பேசியது அது ஒருமுறைதான்.

அடுத்து, விளையாட்டுத் துறை இயக்குநர் ப்ராக் டில்லரியிடம் போனாள். அவர் அறையில் புதிதாக மீன்தொட்டி வைத்திருந்தார்கள். கால்பந்து மட்டும் கடலுக்குப் போகட்டும், மற்ற அணிகள் பழையபடி பேருந்திலேயே போய் வரட்டும் என்று மார்லிஸ் சொன்னாள். டில்லரி குறுக்கே பேசாமல் கேட்டார். பயிற்சியாளர்கள் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்பதற்கென்று அவர் ஒரு பயிற்சி முகாமுக்குப் போய் வந்திருந்தார்.

"நல்ல யோசனைதான் கோச். ஆனா அந்த சேனல் இருபத்துநாலு மணி நேரமும் ஓடுது. கால்பந்து சனிக்கிழமை மட்டும்தான். மிச்ச நேரத்துல எதையாவது காட்டணும் இல்லையா? செவ்வாய்க்கிழமை காலைல படகு விளம்பரத்துக்கும் இன்னொரு படகு விளம்பரத்துக்கும் நடுவுல ரெண்டு மணி நேரம் ஓட்டை. அந்த ஓட்டைதான் நீங்க."

"அந்த நேரத்துல யார் பாப்பாங்க?"

"யாரும் பாக்க மாட்டாங்க. பாக்கணும்னு ஒப்பந்தத்துல இல்லையே. ஓடணும்னுதான் இருக்கு."

டானிகா விஷயத்தைச் சொன்னாள். டில்லரி முகம் உண்மையிலேயே வாடியது. மாணவர் நலன்தான் தன் உயிர்மூச்சு என்றார். அதற்காகவே கடலோரப் பயண நலன் துணை இயக்குநர் என்று ஒரு பதவியை உருவாக்கி ஆள் போட்டிருப்பதாகவும், அந்தச் சம்பளம் இரண்டு வாலிபால் உதவித்தொகைக்குச் சமம் என்றும், அப்படியிருக்க அக்கறை இல்லை என்று யார் சொல்ல முடியும் என்றும் கேட்டார். மார்லிஸ் வெளியே வரும்போது துணை இயக்குநர் அவள் கையில் ஒரு பை கொடுத்தார். நங்கூரப் படம் போட்ட கழுத்துத் தலையணை, நங்கூரப் படம் போட்ட கண்மறைப்பு, வாந்தி வந்தால் சப்ப இஞ்சி மிட்டாய். மிட்டாயிலும் நங்கூரம் இருந்தது.

ஹார்லனோடு ஒரு ஆட்டமாவது ஆடிக்கொள்கிறோம் என்று அவள் எழுதிய விண்ணப்பமும் திரும்பி வந்தது. கடலோரம் அல்லாத கல்லூரியோடு விளையாடினால் கூட்டமைப்பின் மதிப்பு குறையும் என்று பதில். ஆர்டிஸுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினாள்.

"ஏன்டி, ஏழு கோடி வருஷத்துக்கு முன்னால அந்தக் கடல் பாலத்துக்கிட்ட வந்து நின்னுடுச்சா?" என்றாள் ஆர்டிஸ்.

ஆகஸ்டில் பயணம் தொடங்கியது. திங்கட்கிழமை விடிவதற்கு முன் கிளம்பி, மூன்று விமானம் மாறி, செவ்வாய் ஆடி, புதன் திரும்பி, வியாழன் கண்ணைத் திறக்க முடியாமல் வகுப்புக்குப் போவார்கள். எந்தக் கடற்கரையிலும் அவர்களுக்குக் கடலைப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. ஓர் ஊரில் விமானத்தின் வலது பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் மட்டும் பார்த்தார்கள்.

டானிகா விமான இருக்கையில் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் தூங்குகிற பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துப் பழகுவாள். பயிற்சிக்கு ஆள் வேண்டுமென்று நடுவானில் மார்லிஸின் கையையே நீட்டச் சொல்வாள். ஒருமுறை கையை விடாமல், "கோச், உங்க நாடி எகிறுது, டாக்டர்கிட்ட போங்க" என்றாள். அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. இந்தப் பெண்ணை நர்ஸாக்காமல் விட்டால் தனக்கு நரகம்தான் என்று மார்லிஸ் நினைத்துக்கொண்டாள்.

ஆட்டங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. செவ்வாய் காலையில் அரங்குகள் காலியாகக் கிடந்தன. வர்ணனையாளர்கள் வேறு ஊரில் உட்கார்ந்து, வேறு ஆட்டத்தையும் சேர்த்து வர்ணித்துக்கொண்டிருந்தார்கள். ஆள் இல்லாத அரங்கில் ஒலிபெருக்கியிலிருந்து அலைச் சத்தம் வரும். ஓர் ஆட்டத்தில் கடைசிப் புள்ளிக்கு முன்னால் படகு விளம்பரத்துக்காக நிறுத்தினார்கள். திரும்பி வந்தபோது நடுவர் கிளம்பிப் போயிருந்தார்.

செப்டம்பரில், ஒரு கடலோர ஊரில், கூட்டமைப்பின் ஆணையர் தார்ன்டன் பெல் நேரில் வந்தார். வெள்ளை உடுப்பு, வெயிலில் பழுத்த முகம். டானிகா அரங்கின் மூலையில் நர்சிங் புத்தகம் படித்துக்கொண்டிருப்பதை அவர் பார்த்துவிட்டார். கண்கள் கலங்கின. இந்தப் பெண்ணைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும் என்றார். மார்லிஸ் சும்மா விடவில்லை. செவ்வாய்க்கிழமை ஆட்டத்தை மாற்றிக் கொடுத்தால் படத்துக்குச் சம்மதம் என்றாள். தன் வாழ்நாளில் அவள் போட்ட ஒரே பேரம் அது. ஆணையர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, செவ்வாய்க்கிழமை இனி இருக்காது என்று அங்கேயே வாக்குக் கொடுத்தார்.

வாக்குத் தவறவில்லை. அடுத்த வாரம் முதல் ஆட்டங்கள் எல்லாம் வியாழக்கிழமைக்கு மாறின.

மார்லிஸ் தொலைபேசியில் கத்தினாள், எழுதினாள், அழுதாள். வியாழனுக்கு மாற்றச் சொல்லி அவளே கேட்டதாகக் குறிப்பில் இருப்பதாக ஆணையர் அலுவலகம் சொன்னது. ஒரு பயிற்சியாளரின் கோரிக்கையை இவ்வளவு விரைவாக நிறைவேற்றியது கூட்டமைப்பின் வரலாற்றிலேயே இதுதான் முதல் தடவை என்றும், நன்றிக் கடிதம் ஏதும் அனுப்புவதாக இருந்தால் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பலாம் என்றும் சொன்னார்கள். மார்லிஸ் டானிகாவைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். தான்தான் கெடுத்துவிட்டதாகச் சொன்னாள்.

"நீங்க என்ன கோச் பண்ணுவீங்க. வாரத்துல எந்த நாளைச் சொல்லியிருந்தாலும் அது தப்பாத்தான் போயிருக்கும்," என்றாள் டானிகா.

அக்டோபர் கடைசியில் நர்சிங் துறையிலிருந்து அவளை நீக்கினார்கள். நவம்பரில் படக்குழு வந்தது. படத்தின் பெயர் 'அலைகளின் தாதி'. இப்போது அவள் நர்சிங் மாணவி இல்லை என்று மார்லிஸ் சொன்னபோது படத்தின் இயக்குநர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, அவளிடம் ஸ்டெதாஸ்கோப் இருக்கிறதா என்று கேட்டார். தன்னிடம் இருந்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாக டானிகா சொன்னாள். வெட்டுக்கிளி வேடக்காரனின் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துவந்து அவள் கழுத்தில் மாட்டினார்கள். உதவித்தொகை ஒப்பந்தத்தில் விளம்பரப் படங்களில் தோன்ற வேண்டும் என்று இருந்தது. தோன்றினாள்.

படத்தைக் கால்பந்து ஆட்டத்தின் இடைவேளையில் பெரிய திரையில் காட்டினார்கள். கோல்டர் அந்த ஆட்டத்திலும் தோற்றுக்கொண்டிருந்தது. அந்த வருடம் அவர்கள் ஓர் ஆட்டத்திலும் ஜெயிக்கவில்லை. ஆனால் ஜெயித்தாலும் தோற்றாலும் தொலைக்காட்சிப் பணத்தில் பங்கு ஒன்றுதான் என்பதால் டில்லரி நிம்மதியாக இருந்தார். கால்பந்துப் பயிற்சியாளரை நீக்கிவிட்டு, வேலை செய்யாமல் இருப்பதற்கு அவருக்கு ஒரு தொகையும், அதே வேலைக்கு வந்தவருக்கு இன்னொரு தொகையும் கொடுத்தார்கள். பழைய சங்கத்தை விட்டு விலகியதற்கு அபராதம், ஆலோசகர்களுக்குக் கூலி, நங்கூரத்துக்கு வர்ணம். மூன்று கோடி வந்த சுவடு தெரியாமல் போனது. இதைப் பற்றிப் பல்கலைக்கழகச் செனட் கூட்டத்தில் ஒருவர் கேட்டதற்கு, கோல்டர் நஷ்டத்தில் இல்லை, லாபத்தைச் சற்று முன்கூட்டியே செலவழித்திருக்கிறது என்று தலைவர் கெர்ஷா பொறுமையாக விளக்கினார்.

டிசம்பரில் டில்லரி மார்லிஸைக் கூப்பிட்டனுப்பினார். மீன்தொட்டியில் மீன் இல்லை. தண்ணீர் மட்டும் இருந்தது.

"வாலிபாலை நிறுத்தறோம் கோச். ரொம்ப வேதனையான முடிவு. உங்க அணிக்குப் பயணச் செலவு கட்டுப்படியாகல."

"அந்தப் பயணத்துக்கு அனுப்பினதே நீங்கதானே?"

"அதேதான். செலவு எவ்வளவுன்னு அனுப்பினதாலதான் தெரிஞ்சுது. அனுப்பாம இருந்திருந்தா இந்த நஷ்டம் நம்ம கண்ணுக்கே பட்டிருக்காது." அவர் மேசையைத் தட்டினார். "அதுவுமில்லாம சேனல்காரங்க பழைய மீன்பிடிப் போட்டியை அந்த நேரத்துல ஓட்டிப் பாத்திருக்காங்க. உங்களைவிட அதுக்குக் கொஞ்சம் கூட்டம் ஜாஸ்தி."

மார்லிஸ் டானிகாவைப் பற்றி மட்டும் கேட்டாள். உதவித்தொகை ஜூன் வரை உண்டு, பிறகு இல்லை என்றார் டில்லரி. படம் மட்டும் தொடர்ந்து ஓடும் என்றார்.

பல்கலைக்கழகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் மார்லிஸும் ஆர்டிஸும் தேவாலயத்தில் ஒரு மாலைச் சாப்பாடு ஏற்பாடு செய்தார்கள். ஆட்டம் கிடையாது. சாப்பாடு மட்டும். இரண்டு அணிப் பெண்களும் வந்தார்கள். ஊர்க்காரர்கள் தட்டுகளோடு வந்தார்கள். விஷயம் எப்படியோ கசிந்து தலைவர் கெர்ஷாவும் ஒரு காமிராக்காரரோடு வந்துவிட்டார். மண்ணின் மரபுகளைக் கடலோரக் குடும்பம் எப்படிப் போற்றுகிறது என்று ஒரு சின்னப் படம் வேண்டுமாம். ஹாட்டிஷை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். டானிகாவோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். எந்த மருத்துவமனையில் வேலைக்குச் சேரப்போகிறாள் என்று அன்போடு விசாரித்தார். ஊர் மருத்துவமனையில்தான், தரை துடைக்கிற வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன் என்று அவள் சொன்னாள். எங்கே தொடங்குகிறோம் என்பது முக்கியமில்லை என்று அவர் சொல்லிவிட்டு எலுமிச்சை பாரை எடுத்துக்கொண்டார்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் தட்டைத் தள்ளியபோது ஆர்டிஸ் எழுந்து நின்றாள்.

"மேட்ச்சே இல்லை. இன்னைக்கு யாரு கழுவறது?"

தலைவர் கெர்ஷா கோட்டில் ஒட்டியிருந்த துணுக்குகளைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார். மார்லிஸ் சுவரில் தொங்கிய ஏப்ரனை எடுத்தாள். படிக்கட்டுக்குப் போகிற வழியை மறித்து நின்று, அதை அவர் முன்னால் நீட்டினாள். இத்தனை வருடத்தில் ஒரு மேலதிகாரியை அவள் வழி மறித்ததில்லை.

"இங்க ஒரு வழக்கம் இருக்கு டாக்டர். தோத்தவங்கதான் கழுவணும்."

கெர்ஷா ஏப்ரனைப் பார்த்தார். காலித் தட்டுகளையும், தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற பெண்களையும் பார்த்தார். அவர் முகத்தில் கோபமில்லை, கேலியில்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

"தெரியும் மார்லிஸ், அருமையான வழக்கம். ஆனா நாமதான் ஜெயிச்சுட்டோமே?"

அவள் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு, விலகிப் படியேறிப் போனார். காமிராக்காரர் பின்னாலேயே போனார். மேலே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

மார்லிஸ் ஏப்ரனோடு அப்படியே நின்றாள். டானிகா வந்து அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"குடுங்க கோச். நான் பாத்துக்கறேன்."

ஏப்ரனைக் கட்டிக்கொண்டு சட்டைக் கையை மடித்து மேலே ஏற்றினாள். வெந்நீர்க் குழாயைத் திறந்தாள். மருத்துவமனையில் சொல்லிக் கொடுத்தபடி முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டு, விரல் விரலாக, நக இடுக்கு வரைக்கும் கையைக் கழுவினாள். பிறகு அடுக்கின் மேலே இருந்த தலைவரின் தட்டை எடுத்தாள்.